தூரத்தின் விலை

மயிலாப்பூரில் ராமாயண உபந்நியாசம் நடக்காத வருஷம் கிடையாது. பாலகாண்டத்தில் தொடங்கிப் பட்டாபிஷேகத்தில் முடிகிற வரையில் கூட்டம் ஏறும், இறங்கும். சீதா கல்யாணத்தன்று உட்கார இடம் கிடைக்காது. ஆனால் வாலி வதத்தன்று வருகிற கூட்டம் ஒரு தனி ரகம். ஓய்வு பெற்ற நீதிபதிகளும், வக்கீல்களும், வக்கீலாகியிருக்க வேண்டிய மற்றவர்களும், ஏதோ அப்பீல் வழக்கு விசாரணைக்கு வந்துவிட்டது போல முன் வரிசையில் வந்து அமர்ந்து கொள்வார்கள். பௌராணிகர் வாலியின் கேள்விகளை அடுக்குவார். ராமன் தரப்புப் பதில்களையும் அடுக்குவார். எல்லாவற்றையும் கேட்டுத் தலையாட்டிவிட்டு எழுந்து போகிறவர்கள், தெப்பக்குளத்தைச் சுற்றிக்கொண்டு தெரு முனைக்கு வருவதற்குள் மறுபடியும் கேள்விக்கே திரும்பி விடுவார்கள்.

அந்தக் கேள்வியில் ஒரு நுட்பம் இருக்கிறது. வாலி வீரன், சாவு அவனுக்குப் புதிதல்ல. 'ஏன் கொன்றாய்?' என்பதைவிட, 'ஏன் நான் பார்க்காத இடத்திலிருந்து கொன்றாய்?' என்பதுதான் அவனை அதிகம் வருத்துகிறது. கொல்லலாமா என்பது ஒரு கேள்வி. எங்கே நின்று கொல்லலாம் என்பது வேறொரு கேள்வி. முதல் கேள்வியைப் பற்றி நம் நாட்டில் ஆயிரம் வருஷங்களுக்கு மேலாகப் பேசியாகிவிட்டது. இரண்டாவதைப் பற்றி, அந்த ஒரு நாள் உபந்நியாசத்தைத் தவிர, நாம் அதிகம் பேசுவதில்லை.

இதைப் பற்றி நான் யோசிக்க நேர்ந்தது தியாகராய நகர் நண்பர் ஒருவரால். பாங்கியில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். எறும்பு ஊரும் இடத்தில் காலை எட்டி வைக்கிற சுபாவம். அவருடைய பேரன் அமெரிக்காவில் மொன்டானா மாநிலத்தில் வேலையாக இருக்கிறான். கூட வேலை செய்கிறவர்கள் அவனை மான் வேட்டைக்கு அழைத்துப் போயிருக்கிறார்கள். பையனுக்குப் பிடித்துவிட்டது. வேட்டைப் பாடம் படித்துத் தேறி, அடுத்த பருவத்துக்குச் சொந்தத்தில் ஒரு ரைபிள் வாங்கப் போகிறானாம். விலை கையைக் கடிக்கக் கூடாது. ஆனால் வெகு தூரத்திலிருந்து சுட வேண்டும். தாத்தாவிடம் எதையும் மறைக்கிற வழக்கம் இல்லையாதலால் இதையும் சொல்லிவிட்டான்.

"நீங்கள்தான் வழி சொல்ல வேண்டும், ஸார். உங்கள் நாவலில் ஒரு வேட்டைக்காரர் வருகிறாரே!" என்றார் நண்பர்.

என் நாவலில் ஒரு கொலைகாரனும் வருகிறான் என்பதை அவருக்கு நினைவூட்டவில்லை. நாவலாசிரியனுக்கு உள்ள ஒரே தகுதி, தெரிந்தவர்களைத் தேடிப் போய்க் கேட்பது. அப்படிக் கேட்டும் படித்தும் அறிந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இங்கே இந்தக் கேள்விக்கு இடமே இல்லை. 1972-ஆம் வருஷத்து வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு, பொழுதுபோக்கு வேட்டை என்பது நம் நாட்டில் முடிந்து போன விஷயம். துப்பாக்கி வைத்துக்கொள்வதற்கே 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே மான் வேட்டைக்கு உரிமம் உண்டு, பருவம் உண்டு, ஆளுக்கு இத்தனை என்ற கணக்கு உண்டு. வேட்டைத் துப்பாக்கிகளின் மீதும் தோட்டாக்களின் மீதும் நூற்றுக்குப் பதினொன்று வீதம் வரி வாங்கி, அதைக் காடுகளையும் பிராணிகளையும் காப்பதற்கே செலவிட வேண்டும் என்று 1937-இல் சட்டம் செய்திருக்கிறார்கள். ஓநாய்கள் அழிந்துபோன பல பகுதிகளில் மான் பெருகிப் பயிரையும் இளங்காட்டையும் மேய்ந்து தீர்ப்பதும் உண்டு. ஆகவே 'ஐயோ, பாவம்!' என்ற இரண்டு வார்த்தையில் அந்தப் பையனின் வழக்கைத் தள்ளிவிட முடியாது.

இனி ரைபிள். நல்ல ரைபிள் என்றால் லண்டன் கைவினைஞர் ஒருவர் மாதக் கணக்கில் இழைத்துச் செய்ய வேண்டும் என்றிருந்த காலம் ஒன்று உண்டு. ராஜாக்களும் கலெக்டர்களும் அதை வாங்கினார்கள். நம் நாட்டுச் சாமானிய வேட்டைக்காரருக்குக் கிடைத்தது வங்காளத்தில் இஷாப்பூர் தொழிற்சாலையில் செய்த .315 ரைபிள். ராணுவத்தின் .303 தோட்டாவைப் பொதுமக்கள் வைத்துக்கொள்ளக் கூடாது என்று வெள்ளைக்கார அரசாங்கம் தடை போட்டிருந்ததால், சற்றே மாறுபட்ட அந்த அளவு இங்கே நிலைத்தது. இன்று அமெரிக்காவில் ஸாவேஜ் ஆக்ஸிஸ், ரூகர் அமெரிக்கன் போன்ற ரைபிள்கள் 500 டாலர் அளவில் கிடைக்கின்றன. இயந்திரம் கடைந்த குழாய்கள். அழகு என்று எதுவும் கிடையாது. ஆனால் நூறு கஜத்தில் மூன்று குண்டுகளை ஒரு ரூபாய் நாணயத்தைச் சுற்றிப் போட்டுவிடுகின்றன. பழைய நாளில் மகாராஜாவுக்குக் கிட்டாத துல்லியம் இப்போது மாதச் சம்பளக்காரருக்குக் கிட்டுகிறது.

ஆனால் செலவு அத்தோடு நிற்பதில்லை. ரைபிளுக்குக் கொடுத்த பணத்தை இன்னொரு தடவை அதன் மேல் பொருத்தும் தொலைநோக்கிக்குக் கொடுக்க வேண்டும் என்கிறார்கள், அனுபவசாலிகள். தூரம் அளக்கும் கருவி வேறு. 2007-இல் வந்து புகழ் பெற்ற ஆறரை மில்லிமீட்டர் க்ரீட்மூர் தோட்டாவை எடுத்துக்கொண்டால், ஒவ்வொன்றும் ஒரு டாலருக்கு மேல். அப்படி நூற்றுக்கணக்கில் சுட்டுப் பழகினால்தான் வெகு தூரம் என்ற பேச்சுக்கே அருகதை வரும். ரைபிள் மலிவு, தூரம் மலிவு இல்லை.

இந்தத் தூரம் என்பது எவ்வளவு? ஐந்நூறு கஜம் என்பது சர்வசாதாரணமாகப் பேச்சில் அடிபடுகிறது. கபாலி கோயில் குளத்தின் நீளத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். நூறு கஜத்துக்குச் சரி செய்த ரைபிளிலிருந்து புறப்படும் அந்தக் க்ரீட்மூர் குண்டு, ஐந்நூறு கஜம் போய்ச் சேருவதற்குள் நாலரை அடிக்கு மேல் தாழ்ந்துவிடுகிறது. மணிக்குப் பத்து மைல் வேகத்தில் பக்கக் காற்று அடித்தால், ஏறக்குறைய ஒன்றரை அடி ஒதுங்கியும் விடுகிறது. மானின் இருதயமும் நுரையீரலும் இருக்கும் இடமோ ஒரு டிபன் தட்டு அகலம். தாழ்வைக் கணக்குப் போட்டுச் சரிக்கட்டலாம். காற்று தன் கணக்கை யாரிடமும் சொல்வதில்லை. சுடுகிறவன் நிற்கும் இடத்தில் ஒன்று, நடுப் பள்ளத்தாக்கில் ஒன்று, மான் நிற்கும் இடத்தில் ஒன்றாக அடிக்கிறது. தட்டுக்கு வெளியே பட்டால் குடலில் படும், காலில் படும். மான் ஓடிவிடும். செத்தாலும் அன்றைக்கே சாகாது.

'தேர்ந்த கைக்காரன் ஐந்நூறு கஜத்தில் சுடுவது, கை நடுங்குகிறவன் ஐம்பது கஜத்தில் சுடுவதைவிட மேல் அல்லவா?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கை நடுக்கத்தைப் பழக்கம் போக்கும், காற்றைக் கூட ஓரளவு படிக்கலாம். ஆனால் எந்தப் பழக்கமும் போக்க முடியாத ஒன்று இருக்கிறது. குண்டு அந்தத் தூரத்தைக் கடக்க அரை விநாடிக்கு மேல் ஆகிறது. விரல் அழுத்திய பிறகு வருகிற அந்த அரை விநாடி வேட்டைக்காரனுடையது அல்ல, அது மானுடையது. அதற்குள் ஒரு புல் நுனியைத் தேடி அது ஓர் அடி எடுத்து வைத்தால், உலகத்திலேயே சிறந்த கைக்காரன் குறி வைத்த இருதயம் அங்கே இல்லை.

இன்னொன்றும் உண்டு. குண்டு ஒலியைவிட வேகமாகப் போகிறது. அங்கே குண்டு பட்ட பிறகு மேலும் அரை விநாடி கழித்துத்தான் துப்பாக்கி வெடித்த சத்தம் போய்ச் சேருகிறது. மானுக்குக் காது இருக்கிறது, மூக்கு இருக்கிறது, ஓயாத பயம் இருக்கிறது. இயற்கை அதற்குக் கொடுத்த சொத்து இவ்வளவுதான். வெகு தூர வேட்டை என்பது இந்தச் சொத்து முழுவதையும் செல்லாக் காசாக்கிவிட்டு ஆடுகிற ஆட்டம். இதை நான் சொல்லவில்லை, வேட்டைக்காரர்களே சொல்கிறார்கள். பின்னாளில் ஜனாதிபதியான தியோடர் ரூஸ்வெல்ட் 1887-இல் தொடங்கிய பூன் அண்ட் க்ராக்கெட் சங்கம் வேட்டைக்கு விரோதியல்ல. அது வேட்டைக்காரர்களின் சங்கம். அந்தச் சங்கமே, மிருகம் தன் புலன்களால் ஆபத்தை உணரவே வழியில்லாத தூரத்திலிருந்து சுடுவது நியாயமான வேட்டை ஆகாது என்று அறிக்கை செய்திருக்கிறது.

நம் பக்கத்து ஷிகாரிகளிடமும் இப்படி ஒரு கட்டுப்பாடு இருந்தது. அவர்களை மகாத்மாக்கள் என்று சொல்ல வரவில்லை. நீலகிரியில் சுட்டுத் தீர்த்த வேகத்தைக் கண்டு பயந்துதான் 1877-இல் அங்கே வேட்டைச் சங்கம் ஒன்று ஏற்பட்டது. 1879-இல் அதற்கென்று சட்டமும் வந்தது. இன்று நம் மாநில விலங்காகிய வரையாடு அப்போது அந்த மலைகளில் அருகிப் போயிருந்தது. ஆனாலும் அவர்களில் மானமுள்ளவர்கள் ஒரு விதியை மீறுவதில்லை: காயப்படுத்திய மிருகத்தை விட்டுவிட்டு வரக் கூடாது. நம் சேலம், தர்மபுரிக் காடுகளைப் பற்றி எழுதிய கென்னத் ஆண்டர்சன் கதைகளைப் படித்தவர்களுக்கு இது தெரியும். அடிபட்ட சிறுத்தை முட்புதருக்குள் போய்விட்டால், உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தும் ரத்தச் சுவட்டைப் பார்த்துக்கொண்டு பின்னாலேயே போக வேண்டும். அந்த ஒரு விதிதான் வேட்டையைக் கசாப்பிலிருந்து பிரித்து வைத்தது.

தசரதன் கதையையே எடுத்துக்கொள்ளுங்களேன். கண்ணால் காணாமல், ஒலியை மட்டும் கேட்டு எய்கிற வித்தை அவனுக்குத் தெரியும். அந்த வித்தைப் பெருமையில், இருட்டில், தண்ணீர் மொள்ளும் சத்தத்தை யானை என்று எண்ணி எய்தான். விழுந்தவன் ஒரு தபஸ்வியின் பிள்ளை. தசரதனின் குற்றத்தைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். அதற்குப் பிறகு அவன் செய்ததைப் பற்றிப் பேசுவது குறைவு. அலறலைக் கேட்டு அவன் திரும்பி ஓடவில்லை, ஆற்றங்கரைக்கு ஓடினான். பிள்ளையின் முகத்தைப் பார்த்தான். குடத்தில் தண்ணீர் எடுத்துக்கொண்டு கண்ணில்லாத கிழவர்களிடம் தானே போய், தானே சொன்னான். சாபத்தையும் நின்று வாங்கிக்கொண்டான். அம்பு போன தூரத்தை அவன் நடந்தே கடந்தான்.

ஐந்நூறு கஜத்துக்கு அப்பால் சுடுகிறவன் நடப்பானா? நடக்கிறவர்களும் உண்டு. ஆனால் நடுவில் ஒரு பள்ளத்தாக்கு, மாலை மங்கல், தொலைநோக்கியில் மான் ஓடி மறைந்தது போலத் தெரிகிறது. 'படவில்லை' என்று சொல்லிக்கொண்டு வண்டியில் ஏறிவிடுவது எவ்வளவு சுலபம்! தூரம் பொய் சொல்லச் சொல்வதில்லை. பொய்யை நம்ப வசதி செய்து கொடுக்கிறது.

தூரத்தைக் குறைந்த செலவில் கடப்பதற்கு வேறு வழியே இல்லையா? உண்டு. அதற்கு அமெரிக்கா வரை போக வேண்டாம், எட்வர்ட் எலியட்ஸ் சாலைக்குப் போனால் போதும். இப்போது டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலை என்று பெயர். அங்கேதான் மா. கிருஷ்ணன் குடியிருந்தார். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் புதல்வர் என்றால் நாவல் வாசகர்களுக்கு உடனே விளங்கும். 1950 முதல் 1996-இல் காலமாகும் வரை 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் காட்டுயிர் பற்றிப் பத்தி எழுதியவர். தமிழிலும் அருமையாக எழுதியவர். அவர் தம் காமிராவைத் தாமே, கிடைத்த பாகங்களைக் கொண்டு பொருத்திச் செய்துகொண்டார். அந்தப் பூதாகாரமான பெட்டிக்கு 'சூப்பர் பாண்டரோஸா' என்று வேடிக்கையாகப் பெயர் வைத்தார். எட்ட இருப்பதை எட்டிப் பிடிக்க மலிவான கருவி ஒன்று வேண்டும் என்ற பிரச்னை அவருக்கும் இருந்தது. ஆனால் மீதித் தூரத்தை அவர் கருவியிடம் விடவில்லை. முதுமலையில் யானை மேல் ஏறிப் போனார், காட்டில் காத்திருந்தார், மிருகத்தின் போக்கைப் படித்தார். தூரத்துக்கு விலையாகப் பணத்தைக் கொடுக்காமல் பொறுமையைக் கொடுத்தார்.

வேட்டைக்காரனுக்கும் அந்த வழி அடைபட்டுப் போய்விடவில்லை. ஆகவே நண்பரின் பேரனுக்கு நான் சொல்லி அனுப்பியது இதுதான்: 'வேட்டைதான் என்று தீர்மானித்து விட்டால், மலிவான ரைபிளே போதும். மிச்சப் பணத்தில் தோட்டா வாங்கிப் பலகையில் சுட்டுப் பழகு. இன்னும் மிச்சமிருந்தால் நல்ல ஜோடு வாங்கு. காற்றுக்கு எதிர்முகமாக நடந்து, நூற்றைம்பது கஜத்துக்குள் போ. போக முடியாவிட்டால் அன்றைக்கு மானுக்கு நல்ல நாள் என்று வீடு திரும்பு. நீ நடந்து போய்ப் பார்க்கத் தயாராக இல்லாத தூரத்துக்கு உன் குண்டை அனுப்பாதே.'

நண்பருக்கு இதில் பாதி திருப்திதான். வேட்டையே வேண்டாம் என்று நான் எழுதுவேன் என எதிர்பார்த்தார். "நம் குடும்பத்தில் இப்படி ஒருவன்! ஈ எறும்புக்குக் கூடத் துரோகம் நினைக்காத வம்சம்!" என்றார்.

அவருடைய வருத்தம் உண்மையானது. நான் அதை மதிக்கிறேன். ஆனால் அந்த வார்த்தையை மட்டும் என்னால் அப்படியே ஒப்புக்கொள்ள முடியவில்லை. மார்கழியில் அவரும் நானும் சபாவில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கச்சேரி கேட்கிறவர்கள். மிருதங்கத்தின் நாதம் எங்கிருந்து வருகிறது? பசு, ஆடு, எருமை மூன்றின் தோலிலிருந்தும் வருகிறது. அந்தத் தோலைத் தேர்ந்தெடுத்து, பதப்படுத்தி, இழுத்துக் கட்டுகிற மனிதர்களைப் பற்றி டி. எம். கிருஷ்ணா 2020-இல் ஒரு புத்தகமே எழுதினார். தனி ஆவர்த்தனத்துக்குத் தலையை ஆட்டும் கூட்டத்தில் எத்தனை பேர் அந்த மனிதர்கள் வசிக்கும் தெருவைப் பார்த்திருக்கிறோம்? பேத்தி கல்யாணத்துக்குப் பனகல் பூங்கா பக்கத்தில் பட்டு எடுக்கப் போகிறோம். இழை அறாமல் வர வேண்டும் என்பதற்காக, கூட்டுக்குள் இருக்கிற புழு வெளியே வருவதற்கு முன்பே அதைச் சூட்டில் கொன்றுவிடுகிறார்கள். ஒரு புடவைக்கு ஆயிரக்கணக்கான கூடுகள். நாம் பட்டின் மேல் கையை வைத்துப் பார்த்து, "கரை சற்று அகலமாக இருக்கலாம்" என்கிறோம்.

மிருதங்கத்தை மூட்டை கட்டு, பட்டைக் கொளுத்து என்று நான் சொல்லவில்லை. மிருதங்கம் இல்லாத மார்கழியை என்னால் நினைத்துப் பார்க்க முடியாது. நான் சொல்ல வருவது இதுதான்: வெகு தூரத்திலிருந்து கொல்வதில் நாம் அந்தப் பையனுக்கு மூத்தவர்கள். ஐந்நூறு கஜம் அல்ல. ஆம்பூரும், காஞ்சிபுரமும், நம் ஊரிலேயே நாம் நுழையாத தெருக்களுமாக எத்தனையோ மைல். நாமும் விரலைத்தான் அசைக்கிறோம், சத்தம் நம் காதில் விழுவதில்லை. அவன் குறைந்தபட்சம் தொலைநோக்கி வழியாகவாவது பார்க்கிறான். அவன் தொலைவிலிருந்து சுடுவது தவறென்றால், அந்தத் தவற்றை அவன் வேறெங்கோ கற்றுக்கொண்டு வரவில்லை.

கிண்டிக் காடு ஒரு காலத்தில் வேட்டை நிலமாக இருந்தது. கில்பர்ட் ராட்ரிக்ஸ் என்ற வெள்ளைக்காரரிடமிருந்து அரசாங்கம் 1821-இல் 35,000 ரூபாய்க்கு அதன் பெரும் பகுதியை வாங்கியது. பிற்காலத்தில் ஐ.ஐ.டி.க்கும் நினைவு மண்டபங்களுக்குமாகக் கொடுத்தது போக, 1978-இல் தேசியப் பூங்காவாக அறிவித்தபோது மிஞ்சியது மூன்று சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. அங்கே புள்ளிமானும் வெளிமானும் இன்று துப்பாக்கிக்குப் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் அவற்றின் நிலத்தை யாரும் மறைந்து நின்று கொள்ளையடிக்கவில்லை. நல்ல காரியங்களுக்காக, கோப்புகளில், கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டோம். அதுவும் ஒரு தூரம்தான்.

அப்படியானால் எவ்வளவு தூரம் வரை தர்மம்? இதற்குக் கஜக் கணக்கில் விடை சொல்ல முடியாது. ஆனால் ஓர் அடையாளம் சொல்லலாம். யாருக்கு என்ன நேர்ந்தது என்று போய்ப் பார்க்க முடிகிற தூரம். அவன் கேள்வி கேட்டால் காதில் விழுகிற தூரம். தோல் பதமிடுகிறவரின் தெருவுக்கு ஒரு தடவை போய் வருவதும், பட்டு எப்படி ஆகிறது என்று பேத்திக்குச் சொல்லிவிட்டு அப்புறம் அவளைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதும் அந்தத் தூரத்தைக் குறைக்கிற வேலைதான். தெரிந்துகொண்ட பிறகு ஒன்றிரண்டைக் கைவிடுவோம், ஒன்றிரண்டை வைத்துக்கொள்வோம். வைத்துக்கொள்வதையாவது நன்றியோடு வைத்துக்கொள்வோம்.

வாலி விழுந்து கிடந்தபோது, மார்பில் தைத்த அம்பைப் பிடுங்கிப் பார்க்கிறான். அதில் எய்தவனின் பெயர் இருக்கிறது. பிறகு எய்தவனே எதிரில் வந்து நிற்கிறான். இன்ன வார்த்தை என்றில்லாமல் வாலி சொல்வதையெல்லாம் கேட்டுக்கொள்கிறான். மறைந்து எய்தவன் மறைந்தே போய்விடவில்லை. அங்கே கிடைத்த பதில் போதுமா, போதாதா என்பதை முன் வரிசை நீதிபதிகள் வருஷா வருஷம் விசாரித்துக் கொண்டிருக்கட்டும். பதில் சொல்ல ஒருவர் வந்து நின்றார் என்பதை அவர்களும் மறுக்க மாட்டார்கள்.